காலையில் போய் மாலையில் திரும்பத்தான்

மார்சேயில் குடியிருப்பவனுக்குக் கோடை வந்தாலே வயிற்றைக் கலக்கும். வெயிலால் அல்ல, விருந்தாளிகளால். பாரிஸுக்கு வடக்கே சார்செல், கார்ஜ் பக்கம் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பாதிப் பேர் எனக்கு அத்தை, மாமா, அக்கா முறை ஆகிறார்கள். 2001இல் அதிவேக ரயில் பாதை தெற்கே நீண்டதிலிருந்து பாரிஸிலிருந்து இங்கே வர மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பள்ளி விடுமுறை விட்டதும், பாரிஸ் பிள்ளையார் கோயில் தேருக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற கெடுவோடு கிளம்பி வந்துவிடுவார்கள். சேன் ஷார்ல் நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்ததும் முதல் பேச்சே இதுதான்: “தம்பி, அந்தக் கஸ்ஸிக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போயிடுப்பா. காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்.”

வந்துடலாம்! சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

கஸ்ஸி அழகான ஊர்தான், அதில் எனக்கு வழக்கில்லை. மார்சேயிலிருந்து கிழக்கே 20 கிலோமீட்டர் சொச்சம். ஏழாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சுவர் பூசிய வீடுகள் சூழ்ந்த சிறு துறைமுகம், சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். அந்த வெள்ளை ஒயினுக்கு 1936லேயே அரசு முத்திரை கிடைத்துவிட்டது. கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் காப் கனாய் என்ற செம்பாறை மலை. அதன் தொடர் 394 மீட்டர் உயரம் வரை எழும்பிக் கடலில் செங்குத்தாக விழுகிறது. வலது கைப் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே விரல் விரலாகக் கடல் உள்ளே நுழைந்திருக்கும் இடுக்குகள். கலாங்க் என்பது அவற்றுக்கு அந்த ஊர்ப் பெயர். அத்தைமார்கள் கைபேசியில் பார்த்துவிட்டு வருவது அந்த இடுக்குகளில் ஒன்றின் படத்தைத்தான். பச்சையும் நீலமுமான தண்ணீர், இரண்டு பக்கமும் பாறை, கரையில் ஒரு பைன் மரம். அந்தப் படத்தை எடுத்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எங்கே வண்டியை விட்டார், எத்தனை நாள் முன்பே பெயர் கொடுத்து வைத்தார் என்பதெல்லாம் படத்தில் தெரிவதில்லை.

முதலில் ரயில். மார்சேயிலிருந்து தூலோன் போகும் வட்டார ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கஸ்ஸி நிலையம். “பாத்தியா, அரை மணி நேரம்தானாம்!” என்று மாமா வெற்றிப் பார்வை பார்ப்பார். கஸ்ஸி நிலையம் கஸ்ஸியில் இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது? மேட்டில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. 1850களில் தண்டவாளம் போட்டவர்கள் மலையின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள், கடற்கரை வரை இறங்கவில்லை. அதே பாதையில் அடுத்த ஊர் லா சியோதா. லூமியேர் சகோதரர்களின் சினிமாவில் ரயில் வந்து நிற்குமே, உலகமே பார்த்த நிலையம், அதுவும் ஊரை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது. நிலையத்திலிருந்து கஸ்ஸிக்குப் பேருந்து உண்டு. ஆனால் ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் பெரிது, பேருந்து சிறிது. இறங்குவது சரிவான சாலை என்பதால் நடந்துகூடப் போய்விடலாம். மாலையில் அதே மூன்று கிலோமீட்டரும் ஏற்றம். உப்புத் தண்ணீரில் ஊறிய பிள்ளைகளையும் மூட்டு வலிக்கார அத்தையையும் அந்த ஏற்றத்தில் கூட்டி வந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, கார் எடுக்கலாம் என்றால் ஜினெஸ்த் கணவாய் வழியாக ஒரு மலைச் சாலை இருக்கிறது. பார்க்க அருமையான சாலை. முன்னால் போகிற காரின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு போனாலும் அருமைதான். ஊருக்குள் வண்டி நிறுத்தும் இடங்கள் கோடையில் காலை பத்து மணிக்கெல்லாம் நிரம்பி, ‘இடமில்லை’ பலகை எரிய ஆரம்பித்துவிடும். அதன் பிறகு ஊருக்கு வெளியே கோர்கெட் என்ற மேட்டில் காரை விட்டுவிட்டு அங்கிருந்து சிற்றுந்தில் இறங்க வேண்டும். ரயிலில் போனாலும் மேட்டிலிருந்து பேருந்து, காரில் போனாலும் மேட்டிலிருந்து பேருந்து. இவ்வளவுக்கும் பிறகு இரண்டில் எது வசதி என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வேறு நடக்கும்.

இதெல்லாம் சின்னப் பாடு. பெரிய பாடு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வருகிறது.

ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை இந்த மலைக்காடுகளுக்குள் கால் வைக்கலாமா கூடாதா என்பதை மாவட்ட நிர்வாகம் நாளுக்கு நாள் முடிவு செய்கிறது. காற்று, வெப்பம், வறட்சி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, மறுநாளைக்கான வரைபடத்தை முந்தின நாள் மாலை ஆறு மணியளவில் வெளியிடுவார்கள். சிவப்பு என்றால் அடைப்பு. மீறி நுழைந்தால் 135 யூரோ அபராதம். ஆக, நாளைக்குப் போகலாமா என்று கேட்கும் அத்தைக்கு மதியம் மூன்று மணிக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஐந்தரைக்கும் முடியாது. “ஏன் தம்பி, கடலுக்கும் பூட்டு போடுவாங்களா?” என்பார். கடலுக்கு இல்லை அத்தை, கடலுக்குப் போகிற காட்டுக்கு.

நெருப்பு விஷயத்தில் நிர்வாகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2025 ஜூலை 8 அன்று மார்சேயின் வடக்கு விளிம்பில் எழுந்த தீ மிஸ்த்ரால் காற்றோடு சேர்ந்து நகரத்துக் குடியிருப்புகள் வரை வந்துவிட்டது. விமான நிலையத்தை மூடினார்கள். கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்று மக்களுக்கு உத்தரவு போட்டார்கள். அப்படிப்பட்ட தீ ஒரு கலாங்க் இடுக்குக்கு மேலே பிடித்தால் கீழே கரையில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கடலைத் தவிர ஓட வழி கிடையாது. அடைக்கட்டும், நன்றாக அடைக்கட்டும். என் ஆதங்கம் எல்லாம் அந்த அறிவிப்பு மாலை ஆறு மணிக்குத்தான் வர முடியும் என்பதை மற்ற யாருமே ஏற்றுக்கொள்ளவில்லையே என்பதுதான்.

பாருங்கள். பாரிஸிலிருந்து மலிவு ரயில் சீட்டு வேண்டும் என்றால் மாதக்கணக்கில் முன்பே நாளைக் குறித்துவிட வேண்டும். துறைமுகத்து உணவகத்தில் பத்துப் பேருக்கு மேசை வேண்டும் என்றால் சில நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அந்த வட்டாரத்துப் புகழ்பெற்ற மீன் குழம்பான புய்யாபேஸ் சாப்பிட ஆசைப்பட்டால் நல்ல கடைகளில் முந்தின நாளே சொல்லியாக வேண்டும். தலைக்கு ஐம்பது அறுபது யூரோவுக்கு மேல் ஆகும் என்று நான் சொன்னதும் அந்த ஆசை தானாகவே அடங்கிவிடும் என்பது வேறு விஷயம். ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்றாலோ, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். அதை வைத்து எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்ற பட்டியல் முந்தின நாள்தான் வரும். மனிதர்களுக்கெல்லாம் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். காற்றும் நெருப்பும் ரயிலும் மட்டும் முந்தின நாள்தான் வாயைத் திறக்கும். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பதுகூட இதைவிடச் சுலபம். பஞ்சாங்கம் குறைந்தபட்சம் ஒரு வருடத்துக்கு முன்னாலேயே அச்சாகிவிடுகிறது.

சூஜிதோன் என்று ஒரு கலாங்க் இருக்கிறது. அது கஸ்ஸியில் இல்லை, மார்சேய் எல்லைக்குள், லூமினி பல்கலைக்கழக வளாகத்துக்குப் பின்னால். “கஸ்ஸி கிடைக்கலன்னா அங்கயாவது போலாமே” என்று ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார். நகரப் பேருந்திலேயே போய்விடக்கூடிய இடம் என்பதுதான் அதன் வினையாகப் போயிற்று. கூட்டம் மொய்க்கும் நாளில் 2,500 பேர் வரை இறங்கினார்கள். கால் பட்டுப் பட்டுச் சரிவிலிருந்த மண் உதிர்ந்து பைன் மரங்களின் வேர் வெளியே தெரிய ஆரம்பித்தது. 2022 முதல் ஜூலை, ஆகஸ்டில் நாளொன்றுக்கு 400 பேர்தான். அனுமதி இலவசம், ஆனால் மூன்று நாள் முன்பு காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் பதிவில் பெயர் கொடுத்து க்யூஆர் குறியீடு வாங்கியிருக்க வேண்டும். மூன்று நாள் முன்பு ஒன்பது மணிக்கு விழித்திருந்து பதிவு செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வரைபடம் சிவந்தால்? அந்தக் குறியீடு கைபேசியில் ஒரு கறுப்பு வெள்ளைக் கோலம், அவ்வளவுதான்.

இதில் மனிதனை நிஜமாகவே அழ வைப்பது மிஸ்த்ரால். வடமேற்கிலிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வரும் காற்று. மூன்று நாள், ஆறு நாள், ஒன்பது நாள் என்று மூன்றின் மடங்கில்தான் வீசும் என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. அது வீசும் நாளில் வானம் துடைத்து வைத்த நீலம். ஒரு மேகம் இருக்காது. தூரத்துத் தீவுகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அத்தை சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னா வெளிச்சம்டா! இன்னிக்குப் போகாம என்னிக்குப் போறது?” என்பார். அந்த நாளில்தான் போக முடியாது. காய்ந்த மலையில் பொறி பட்டால் அந்தக் காற்று விடாது என்பதால் காடு அடைப்பு. படகுகள் கரையிலேயே ஆடிக்கொண்டிருக்கும். காப் கனாய் உச்சியில் ஓடும் மலைச் சாலைக்கும் காற்று பலத்தால் தடுப்புக் கம்பி போட்டுவிடுவார்கள். சரி, ஊர்க் கடற்கரையிலாவது குளிக்கலாம் என்று இறங்கினால் அங்கேயும் காற்று தன் வேலையைக் காட்டியிருக்கும். மேலே இருக்கிற வெதுவெதுப்பான நீரை அது கடலுக்குள் தள்ளிவிட, அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் எழும்பி வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். 24, 25 டிகிரியில் இருந்த கடல் ஓரிரண்டு நாளில் 16, 17க்கு இறங்கிவிடும். அதுவும் ஜூலை மாதத்தில், தலைக்கு மேல் வெயில் கொளுத்தும்போது! கணுக்கால் நனைந்ததும் மாமா போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடைக்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள்.

காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தால், அடங்கிய புழுக்க நாளில் காடு திறந்திருக்கும், கடல் வெதுவெதுப்பாக இருக்கும், ஊதா நிறச் சொறி மீன்களும் கரைப் பக்கம் வந்து சேரும். எல்லா நாளும் அல்ல. என் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும் நாள்களில் மட்டும் என்று எனக்குத் தோன்றுவது என் மனப்பிராந்தியாக இருக்கலாம்.

ஒருவழியாக எல்லாம் கூடி வந்து காடு திறந்த நாளில் போய்ச் சேர்ந்தால், எந்தக் கலாங்க் என்ற பஞ்சாயத்து ஆரம்பிக்கும். கஸ்ஸிப் பக்கம் மூன்று. முதலாவது போர் மியூ, துறைமுகத்திலிருந்து அரை மணி நேர நடை. அது படகு நிறுத்தும் இடம். வரிசையாகக் கட்டிப்போட்ட பாய்மரப் படகுகள், பக்கத்தில் பழைய கல் குவாரி. குளிக்க ஏற்ற கரை இல்லை, கடலுக்கடியிலிருந்து ஒரு நிலத்தடி ஆறு வந்து கலப்பதால் தண்ணீரும் சில்லென்றிருக்கும். இரண்டாவது போர் பேன், இன்னும் அரை மணி. பைன் நிழலும் சிறு கரையும் உண்டு, அதனால் கூட்டமும் உண்டு. கைபேசிப் படத்தில் இருப்பது மூன்றாவதான ஆன் வோ. அதற்கு ஒரு செங்குத்தான இறக்கத்தில், ஆயிரம் ஆயிரம் கால்கள் தேய்த்து வழுவழுப்பாக்கிய சுண்ணாம்புக் கல் மேல் கையூன்றி இறங்க வேண்டும். வழியில் தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, கடை கிடையாது. “ஒரு டீக்கடைகூடவா இருக்காது?” என்ற அத்தையின் கேள்வியில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். 2012இல் தேசியப் பூங்கா ஆக்கிய இடம் அது, டீக்கடை வராமல் பார்த்துக்கொள்வதுதான் பூங்காவின் வேலை. ஆனால் நம்மவர்கள் தயிர் சாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு, தண்ணீரை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று வருகிறார்களே!

நடக்க முடியாதவர்களுக்குத் துறைமுகத்திலிருந்து சுற்றுலாப் படகு உண்டு. மூன்று கலாங்க் பார்க்க ஒரு விலை, ஐந்துக்கு ஒரு விலை, எட்டுக்கு ஒரு விலை. ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து, ஒரு வட்டம் போட்டுத் திரும்பும். தண்ணீரைப் பார்க்கலாம், தொட முடியாது. பிள்ளைகள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏக்கத்தோடு பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நெருப்புக்காகப் போடும் தடை தரை வழிக்குத்தான். சொந்தப் படகு வைத்திருப்பவர் கடல் வழியாக வந்து, மிதவைக்கு அப்பால் நங்கூரம் போட்டு, அதே பச்சைத் தண்ணீரில் குதிக்கலாம். பேருந்தில் வருகிறவனுக்குச் சிவப்பு வரைபடம், படகில் வருகிறவனுக்கு நீலக் கடல். படகு காட்டுக்குத் தீ வைக்காது என்பது சரியான வாதம்தான். ஆனால் ஒவ்வொரு சரியான வாதத்தின் முடிவிலும் வெளியே நிற்பது எப்படி எப்போதும் பேருந்துக்காரனாகவே இருக்கிறான் என்பதைப் பூங்காவும் நகராட்சியும் ஒரு தடவையாவது உட்கார்ந்து யோசிக்கலாம். தடை நாளில் திறந்திருக்கும் ஊர்க் கடற்கரைகள் வரைக்கும் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு பேருந்து கூடுதலாக விட்டால் எந்தப் பைன் மரமும் பட்டுப்போகாது.

பூங்கா நிர்வாகம் 2021இல் இன்னொரு காரியம் செய்தது. தன் இணையதளத்தில், தண்ணீர் குளிரும், நடை கடினம், கரையில் இடமிருக்காது என்று தன்னைத் தானே குறைத்துச் சொல்லிக்கொண்டு, கூட்டம் நெருக்கியடிக்கும் கடற்கரைப் படங்களையும் போட்டது. வராதீர்கள் என்பதை மரியாதையாகச் சொல்வதற்கான விளம்பரம். அதை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்துவிட்டு, “இவ்ளோ பேரு போறாங்கன்னா எடம் நல்லாத்தான் இருக்கும்” என்றார். பூங்காவின் விளம்பரப் பிரிவில் யாராவது இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பார்கள்.

கடைசியில் பெரும்பாலும் நடப்பது என்ன? வரைபடம் சிவக்கும். மறுநாள் காலை பழைய துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்தைப் பிடித்து நோத்ர் தாம் த லா கார்த் மாதா கோயில் மேட்டுக்கு ஏறுவோம். அங்கிருந்து கடல் முழுதாகத் தெரியும், காற்று ஆளைத் தள்ளும். அத்தை ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைப் படிக்கட்டு நிழலில் பங்கு வைப்பார். “இதோ கடலுதான் தெரியுதே, இதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம்?” என்று மாமா சொல்லும்போது, ஒரு வாரமாகக் கைபேசியும் கையுமாக அலைந்த எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகையால் உறவினர்களுக்கும், உறவினர்களின் உறவினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கஸ்ஸியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஜூலையையும் ஆகஸ்டையும் மறந்துவிடுங்கள். மே மாதம் வாருங்கள். கடல் குளிரும், ஆனால் நெருப்புத் தடை தொடங்கியிருக்காது. அல்லது அக்டோபரில் வாருங்கள். தடை முடிந்திருக்கும், கடலில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் வேண்டாம். மார்சேயிலிருந்து கஸ்ஸி வரை 20 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் 1979 முதல் அன்றைக்குத்தான் நடக்கிறது, பல ஆயிரம் பேர் ஓடுவார்கள், ஜினெஸ்த் சாலையை மூடிவிடுவார்கள். தண்ணீர் தலைக்கு இரண்டு லிட்டர், காலுக்குச் செருப்பு இல்லை, ஷூ. புதன், வெள்ளி காலையில் சந்தை கூடும், அன்று காரில் போக வேண்டாம். கடைசியாக, எந்த நாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்த வாரம் என்று மட்டும் சொல்லுங்கள். நாளை நான் முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல் சொல்கிறேன்.